ஒரு சாண் வாட்டம்

குழாய் வேலையில் எனக்கு இருபத்தெட்டு வருட அனுபவம். தண்ணீர் போகவில்லை என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் குழாயைப் பார்க்க மாட்டேன், வாட்டத்தைப் பார்ப்பேன். போகிற வழி கொஞ்சம் சரிந்திருந்தால் தண்ணீர் தானாகப் போகும். இல்லையென்றால் எவ்வளவு உசத்தியான குழாயை வாங்கி மாட்டினாலும் முட்டிக்கொண்டுதான் நிற்கும். வாட்டம் கொடுக்கத் தெரியாதவனெல்லாம் பிளம்பரா என்று எத்தனையோ பேரைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். அந்தத் திமிர் என் மனைவியின் விஷயத்தில் வினையாக வந்து முடிந்தது.

அவள் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பத்தொன்பது வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திக் கத்தியே எல்லோருக்கும் கிளட்ச் அக்கா ஆகிவிட்டாள். வீட்டில் என்னை "என்னங்க" என்பாள். வண்டியில் ஏறிவிட்டால் எதிரில் யார் இருந்தாலும் "யோவ்"தான். ஒரு பேங்க் மேனேஜரையே "யோவ், அது பிரேக் இல்லய்யா, ஆக்சிலேட்டர்" என்று நடுரோட்டில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். இதனாலேயே நான் அவளிடம் வண்டி கற்றுக்கொள்ளவில்லை. கட்டின பெண்டாட்டியிடம் யோவ் வாங்க எனக்கென்ன தலையெழுத்தா?

கற்றுக்கொடுக்கிற வண்டியில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேலேயே ஒரு கால் இருக்கும். ஓட்டுகிறவர் தேறிவிட்டார் என்று நம்பிக்கை வந்த நாளில்தான் அந்தக் காலை எடுத்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்காருவாள். வாயால் "நல்லா ஓட்டுறே" என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. காலை எடுப்பதுதான் அவள் தருகிற சர்டிபிகேட்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு பெண்ணுக்கு வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தச் சொல்லிக்கொடுக்கும்போது என் மனைவிக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி வலி வந்தது. அந்த நிலையிலும் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறாள். கூட இருந்த பெண் அழுதுகொண்டே இதைச் சொன்னாள். நானாக இருந்தால் எதிர்க் கடைக்குள் விட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் மூளை அறுவை டாக்டர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். எதைச் சொன்னாலும் பென்சிலால் வரைந்து காட்டுவது அவர் பழக்கம். நான் அவருக்குப் பென்சில் டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல ஒரு இடம் பலவீனமாகி குமிழ் மாதிரி புடைச்சிருக்கு. அது லேசா வெடிச்சு ரத்தம் கசிஞ்சிருக்கு."

"வாஷிங் மெஷின் ஹோஸ் பழசானா ஒரு இடத்துல உப்பிக்கிட்டு நிக்குமே, அந்த மாதிரியா டாக்டர்?"

"அதே மாதிரிதான். மண்டையோட்டைத் திறந்து, அந்தக் குமிழோட கழுத்துல ஒரு கிளிப் போட்டு அடைக்கணும்."

"கிளாம்ப்."

"ஆமா, கிளாம்ப்தான்" என்று சிரித்தார். அவர் சொன்னது எனக்கும் நான் சொன்னது அவருக்கும் புரிந்துவிட்டது. மூளையும் குழாய் வேலைதான் என்று எனக்குத் தலைக்கனம் ஏறியது அந்த இடத்தில்தான்.

ஆறு மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. கிளிப் நன்றாக உட்கார்ந்துவிட்டது என்றார்கள். மறுநாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி, "வண்டிய யாரு எடுத்து நிறுத்துனாங்க?" என்பதுதான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வராந்தாவுக்குப் போய் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

அவளை நான்கு கட்டில் போட்ட கண்காணிப்பு அறைக்கு மாற்றினார்கள். ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் ஒருவர் உட்காரலாம். அவள் முதுகுத்தண்டிலிருந்து நூல்போல ஒரு மெல்லிய குழாய் வந்தது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு நீர் இருக்கிறதாம். கசிந்த ரத்தம் அதில் கலந்திருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாக வடிக்கிறார்கள். அந்த நீர் ஸ்டாண்டில் தொங்கும் ஒரு அளவுக் குப்பியில் சொட்டும். மணிக்குப் பத்து மில்லி வர வேண்டும். மணிக்கு ஒருமுறை அளவைக் குறித்துக்கொண்டு, அடியிலுள்ள சின்னத் திருகைத் திறந்து, கீழே தொங்கும் பைக்குள் விட்டுவிடுவார்கள்.

இதைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பது வயது தாண்டிய ஒரு சிஸ்டர். ஒவ்வொரு முறை வரும்போதும் பாக்கெட்டிலிருந்து, கொத்தனார் மட்டம் பார்க்கிற ரசமட்டம் ஒன்றைச் சின்னதாக எடுத்து, என் மனைவியின் காதுக்கு நேராக ஸ்டாண்டில் பூஜ்யக் குறி நிற்கிறதா என்று வைத்துப் பார்ப்பார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"சிஸ்டர், இது எங்க சாமானாச்சே!"

"உங்க சாமான்தான். எங்க வீட்ல டைல்ஸ் ஒட்ட வந்தவர் மறந்து விட்டுட்டுப் போனது. இங்க குடுத்தது கோணலா காட்டுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்."

அன்றிலிருந்து அவர் எனக்கு ரசமட்டம் சிஸ்டர். நான் அவருக்கு பிளம்பர் சார்.

"பிளம்பர் சார், நல்லா கேட்டுக்கங்க. காதுக்கு நேரா பூஜ்யம். அதுலேர்ந்து இந்த டேப் ஒட்டின உயரத்துல குப்பி. கட்டில ஏத்தணும்னாலும் இறக்கணும்னாலும் என்னைக் கூப்பிடுங்க. குப்பிய யாரும் தொடக் கூடாது."

"ஐயையோ, நமக்கு எதுக்கு சிஸ்டர் அந்த வேலை?" என்றேன்.

மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு அவர் அளவைக் குறித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு குப்பியில் சொட்டுவது நின்றுவிட்டது. பத்து நிமிடம் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. உள்ளே அழுத்தம் குறைந்தால் அது தானாக நிற்கும், நிற்பதற்காகத்தான் அந்த உயரமே என்று இப்போது தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அடைப்புதான். சிஸ்டரைக் கூப்பிடலாம் என்று எழுந்தேன். எதிர்க் கட்டிலில் இருந்த பெரியவருக்கு வலிப்பு வந்து, எல்லோரும் அங்கே ஓடினார்கள். திரையை இழுத்து மூடிவிட்டார்கள். அந்த நேரத்தில் போய் என் பெண்டாட்டியின் குழாய் சொட்டவில்லை என்று எப்படிச் சொல்வது?

எனக்குக் கை அரித்தது. தண்ணீர் நின்றுபோன குழாய்க்கு முன்னால் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. ஸ்டாண்டில் குப்பியைப் பிடித்திருந்த திருகைத் தளர்த்தி ஒரு சாண் கீழே இறக்கினேன். ஒரு சாண்தான். சொட்டு விழ ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அழகாக விழுந்தது. "பாத்தியா, நம்ம கிட்டயா?" என்று தூங்கிக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன். சிஸ்டர் வந்ததும் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ள வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அப்போது போன் அடித்தது. வேலை பார்த்துக்கொடுத்த ஒரு வீட்டில் மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது, எந்த வால்வை மூடுவது என்று கேட்டார்கள். வராந்தாவுக்குப் போய் சிவப்புக் கைப்பிடி, சிவப்புக் கைப்பிடி என்று கத்தினேன். அந்த வீட்டுக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று போலிருக்கிறது. அதற்குள் என் மச்சான், அவளுடைய அண்ணன், கீழே வந்துவிட்டார். "மாப்ள, மூஞ்சி காஞ்சு கெடக்கு, வாங்க ஒரு டீ குடிக்கலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவர் தங்கச்சி பிழைத்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் இரண்டு டீ குடித்தோம்.

மூன்றேகாலுக்குத் திரும்பி வந்தேன். குப்பி கழுத்து வரை நிரம்பியிருந்தது.

எதிர்க் கட்டிலில் திரை இன்னும் மூடியே இருந்தது. மணிக்குப் பத்து என்று சொன்னது காதில் ஓடியது. நான் சிஸ்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. அடித் திருகைத் திறந்து, ஏற்கனவே பாதி நிரம்பியிருந்த பைக்குள் விட்டேன்; அதில் கூடினது தெரியாது. பத்து மில்லி நிற்கும்போது மூடினேன். குப்பியைப் பழையபடி டேப் குறிக்கு ஏற்றி முறுக்கினேன். இரண்டு நிமிட வேலை. சுத்தமாகச் செய்தேன், தொழிலாயிற்றே.

சிறிது நேரத்தில் சிஸ்டர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "மூணு மணி அளவு தவறிப்போச்சு" என்று குப்பியைப் பார்த்தார். "பத்து. நல்லவேளை!" ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. எழுதிக்கொண்டு போனார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான்கு மணிக்கு அவள் எழுந்தாள். "பின்மண்டை வலிக்குதுங்க" என்றாள். அப்புறம் வாந்தி எடுத்தாள். தண்ணீர் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினாள், கை டம்ளரைத் தாண்டிப் போயிற்று. மறுபடி நீட்டினாள், மறுபடியும் தாண்டிப் போயிற்று. "என்னங்க இது" என்று அவள் கேட்டபோது நாக்கு குழறியது. ஐந்து மணிக்கெல்லாம் எழுப்பினாலும் கண்ணைத் திறக்கவில்லை. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

பென்சில் டாக்டர் வராந்தாவுக்கு வந்தார். கையில் தாள் இருந்தது, படம் போடவில்லை.

"ஆபரேஷன் பண்ணின இடம் சுத்தமா இருக்கு. கிளிப் நகரல. ஆனா சம்பந்தமே இல்லாம பின்பக்கம், சிறுமூளைல ரத்தம் கசிஞ்சிருக்கு. ரொம்ப அபூர்வம் இது. எங்க கண்ணுக்குப் படாத இன்னொரு குமிழ் வெடிச்சிருக்கலாம். அப்படின்னா தாமதிக்க முடியாது, பின்மண்டையைத் திறந்தாகணும். இந்த நெலமைல அவங்க உடம்பு தாங்குமான்னு உறுதியா சொல்ல முடியல."

"வேற எதனால வரலாம் டாக்டர்?" என்று மச்சான் கேட்டார்.

"முதுகுல வடிக்கிற நீர் அளவுக்கு மேல வடிஞ்சாலும் வரும். அப்படி இருந்தா குழாய மூடிட்டு, மட்டமா படுக்க வச்சு, கவனிச்சாலே போதும். பெரும்பாலும் தானா நிக்கும். ஆனா சார்ட்ல அளவு சரியா இருக்கு. அதனால அந்தப் பக்கம் யோசிக்க முடியல."

மச்சான் ரசமட்டம் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "மூணு மணிக்கு நீங்க வரலன்னு பக்கத்து பெட்காரங்க சொல்றாங்க. தூங்கிட்டீங்களா? என் தங்கச்சிக்கு ஏதாவது ஆச்சு, உங்கள சும்மா விட மாட்டேன். கோர்ட்டுக்கு இழுப்பேன்."

"இருபது நிமிஷம் லேட்டு சார், ஒத்துக்கறேன். ஆனா குப்பில பத்துதான் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்" என்றார் சிஸ்டர். பாக்கெட்டில் இருந்த ரசமட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். மேலதிகாரி அம்மா வந்து அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

என் கையில் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்தார்கள். மண்டையைத் திறக்கச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். பேனா முனை தாளில் பட்டுவிட்டது. ஒரு கோடு கூட விழுந்துவிட்டது. என் பெண்டாட்டியின் தலையை என் பொய்க்காக இன்னொருமுறை திறக்கப்போகிறார்கள். பேனாவைக் கீழே வைத்தேன்.

"டாக்டர், சிஸ்டர் எழுதினது சரி" என்றேன். "நான் காட்டினது பொய்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்ல ஆரம்பித்தேன். சொட்டு நின்றது, இறக்கியது, போன், டீ, திருகு, பத்து மில்லி எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை.

"எவ்வளவு கீழ இறக்கினீங்க?"

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினேன்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"மொத்தம் எவ்வளவு வந்தது?"

"கழுத்து வரைக்கும் டாக்டர்."

அவர் திரும்பி நடந்துகொண்டே, "வடிகுழாய உடனே மூடுங்க. தலையணைய எடுத்துட்டு மட்டமா படுக்க வைங்க. தியேட்டரத் தயாரா வச்சிருக்கட்டும், ஆனா இப்ப வேண்டாம். ரத்தக் குழாய் ஸ்கேன் ஒண்ணு மட்டும் எடுங்க" என்றார். கதவு ஆடி நின்றது.

மச்சான் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் விட்டுவிட்டு, போய் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். ரசமட்டம் சிஸ்டர் என் முன்னால் வந்து நின்றார்.

"மூணேகாலுக்குச் சொல்லியிருந்தா நான் அப்பவே மூடியிருப்பேனே சார். ஒரு வார்த்தை. அவ்வளவுதானே?"

அவர் வேலைக்குப் போய்விட்டார்.

புது ஸ்கேனில் இன்னொரு குமிழ் எதுவும் தெரியவில்லை. மறுநாள் காலை எடுத்த ஸ்கேனில் கசிவு கூடவில்லை. திறக்க வேண்டியதில்லை என்றார் டாக்டர். அன்றுதான் மறுபடி படம் போட்டார். தொட்டித் தண்ணீரில் மிதவை நிற்கிற மாதிரி மூளையும் நீரில்தான் மிதக்கிறது. நீர் வேகமாக வடிந்தால் மூளை கொஞ்சம் கீழே இறங்கும். அப்போது பின்பக்கத்துச் சின்ன ரத்தக் குழாய்கள் இழுபட்டு ரத்தம் கசிகிறது என்று நினைக்கிறார்கள். முழுக்கக் காரணம் யாருக்கும் தெரியாது.

"அப்ப என்னாலதான டாக்டர்?"

அவர் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குப்பி சரியான உயரத்துல இருந்தவங்களுக்கும் இப்படி வந்திருக்கு. உங்களாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. உங்களால இல்லன்னும் என்னால சொல்ல முடியாது."

அதிலிருந்து நான்காம் நாள் அவள் கண் திறந்தாள். மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்தாள். நடக்கும்போது ஒரு பக்கமாகத் தள்ளியது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போனாள். வலது கை நடுங்கியது. காப்பி டம்ளரைத் தூக்கினால் பாதி மேலேதான் கொட்டும். "குடிகாரின்னு நெனச்சுக்கப் போறாங்க" என்று அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. தேறட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன். மச்சான் வருவார், தங்கச்சியிடம் பேசுவார், போவார். என்னை மாப்ள என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். ஒருநாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "அவகிட்ட நீங்களா சொல்லணும். அதுவரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார்.

ஐந்தாவது மாதம் அவளே ஆரம்பித்தாள். "வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரிக்குக் கை கால் பயிற்சிக்குப் போகணும். எத்தனை நாளைக்கு அடுத்தவங்கள வண்டிக்குக் கெஞ்சுறது? நீங்க ஓட்டக் கத்துக்கங்க. நான் சொல்லித் தரேன்."

பிரேக் மிதிக்கிற காலுக்குப் பழைய பலம் வந்துவிட்டது, பக்கத்து சீட்டில் உட்காரலாம், ரோட்டில் மட்டும் வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். டிரைவிங் ஸ்கூல் வண்டியை அங்கே வேலை பார்க்கும் ஒருவர் தினம் காலையில் ஒரு காலி மைதானத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஓரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். முதல் நாள் வண்டி தவளை மாதிரி குதித்தது. "யோவ், கிளட்ச்! அது உன் ஆளுயர ரெஞ்ச் இல்லய்யா, மெதுவா விடு!" என்று அவள் கத்தினாள். கட்டின பெண்டாட்டியின் யோவ் அத்தனை இனிமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் பழைய ஆளாக ஆகிவிட்டாள் என்று மனசு துள்ளியது.

பதினோராவது நாள். மைதானத்தை இரண்டு சுற்று நிற்காமல் சுற்றினேன். கியர் மாற்றியதே தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் பக்கத்தில் ஏதோ அசைந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கால்மேல் கால் போட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னால் ஓட்ட முடியவில்லை. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பினேன்.

"என்னய்யா, நல்லாத்தானே போச்சு?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் பேப்பரை மடித்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இறக்குனீங்க, சரி" என்றாள். வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு அவள் என்னை மரியாதையாகப் பேசினாள். "அது உங்க தொழில் புத்தி. தண்ணி நின்னா உங்க கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? இந்த சீட்டுல உக்காந்தவன் எல்லாம் தெரியாம எதையாவது மிதிச்சவன்தான். அதுக்காக நான் ஒருத்தனையும் எறக்கி விட்டதில்ல."

வலது கை மடியில் நடுங்கியது. அதை இடது கையால் அமுக்கிப் பிடித்தாள்.

"திரும்ப ஏத்தி வச்சீங்களே. பத்து மில்லி அளந்து விட்டு, துடைச்சு வச்ச மாதிரி. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். அது எந்தப் புத்தி?"

"பயம்."

"யாருக்கு என்ன ஆயிடும்னு பயம்?"

உனக்கு என்று சொல்ல வாய் வரை வந்தது. அவளுக்கு என்ன ஆகும் என்று அந்த இரண்டு நிமிடத்தில் நான் நினைக்கவே இல்லை.

"எனக்கு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள், கை நெற்றியில் போய் இடித்தது. நான் உதவப் போனேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டு, மறு கையால் துடைத்துக்கொண்டாள்.

"அந்த சிஸ்டர்?"

"அவங்க மேல ஒண்ணும் வரல. நான் எழுதிக் குடுத்துட்டேன். போய் மன்னிப்பும் கேட்டேன். பாக்கெட்லேர்ந்து ரசமட்டத்த எடுத்துக்கிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க."

மைதானத்தில் ஒரு நாய் குறுக்கே போயிற்று. அது போய் மறைகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவியத் திருப்புங்க."

திருப்பினேன். ஹேண்ட் பிரேக்கை இறக்கி கிளட்சை விட்டதும் வண்டி ஒருமுறை உலுக்கி நின்றுபோயிற்று. யோவ் வரும் என்று காத்திருந்தேன்.

"கிளட்ச் விடுங்க. மெதுவா" என்றாள்.

மறுபடி திருப்பினேன். வண்டி நகர்ந்தது. அவள் மேலே போட்டிருந்த காலை இறக்கி, தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டாள். இன்னும் மூன்று சுற்று சுற்றினோம். கடைசி வரைக்கும் அந்தக் கால் அங்கேயே இருந்தது. இறங்கும்போது கதவைப் பிடித்து நின்று, "நாளைக்கும் ஆறரைக்குக் கிளம்பணும்" என்றாள்.